ஹாலோவீன் வௌவாலுக்கு எந்தத் தாள் வாங்கலாம்? – வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: போன வருஷம் நானும் மகளும் கருப்பு கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரில் வௌவால்கள் வெட்டி ஜன்னலில் ஒட்டினோம். ஹாலோவீன் வருவதற்குள் நிறம் வெளுத்து, இறக்கைகள் தொங்கிவிட்டன. இந்த முறை கார்ட்ஸ்டாக் என்ற தடித்த தாள் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 65 பவுண்டு, 80 பவுண்டு, 110 பவுண்டு என்று விதவிதமாக இருக்கிறது. அதிக எண்ணுள்ளதுதான் கனமானதா? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவில் தாளின் பவுண்டு என்பது 500 தாள்களின் எடை. ஆனால் எந்த அளவுத் தாளில் 500 என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ‘கவர்’ ரகத்துக்கு 20க்கு 26 அங்குலத் தாள் கணக்கு. ‘இண்டெக்ஸ்’ ரகத்துக்கு அதைவிடப் பெரிய 25.5க்கு 30.5 அங்குலத் தாள். அதனால் 110 பவுண்டு இண்டெக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு சுமார் 199 கிராம்தான் வரும். 80 பவுண்டு கவர் தாளோ 216 கிராம். எண் சிறியது, தாள் தடிமன். பாக்கெட்டில் பொடி எழுத்தில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று போட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கள். பள்ளிக் குழந்தை கத்தரிக்கோலால் வெட்ட 65 பவுண்டு கவர், அதாவது 176 ஜிஎஸ்எம் சரியாக இருக்கும். நிற்க வைக்கிற பேய் வீடு, மிட்டாய்ப் பெட்டி போன்றவற்றுக்கு 216 அல்லது அதற்கு மேல் எடுங்கள்.

கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரைக் குறை சொல்ல மாட்டேன். அது வகுப்பறையில் வெட்டி ஒட்டிப் பழகுவதற்கான மலிவுத் தாள். மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வதால் மடிப்பில் சீக்கிரம் கிழியும், வெயில் பட்டால் வெளுக்கும். வாரக்கணக்கில் வெயிலும் ஈரமும் படுகிற ஜன்னல் கண்ணாடி அதற்கான இடமே இல்லை.

எடையைவிட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது தாளின் உள்நிறம். சில கார்ட்ஸ்டாக்குகளில் மேலும் கீழும் கருப்பு, நடுவில் வெள்ளை. இதை வெட்டினால் வௌவாலின் விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு தெரியும். மடித்த இடத்தில் நிறம் வெடித்து வெள்ளை எட்டிப் பார்க்கும். பிரித்துப் பார்க்க முடியாத பாக்கெட் என்றால் பக்கவாட்டில் திருப்பி அடுக்கின் ஓரத்தைப் பாருங்கள். கருப்புத் தாள் அடுக்கு சாம்பல் வரிகளாகத் தெரிந்தால் உள்ளே வெள்ளை என்று அர்த்தம். முழுக்கக் கருப்பாக இருந்தால், அல்லது ‘சாலிட் கோர்’ என்று போட்டிருந்தால், நம்பி எடுக்கலாம்.

இறக்கை தொங்கியதற்குத் தாளின் இழை போகும் திசையும் காரணமாக இருக்கலாம். தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் விறைத்துக்கொண்டு வளைய மறுக்கிறதோ, அந்தத் திசையில் இறக்கைகள் நீளும்படி வரைய வேண்டும். அப்படிச் செய்தால் நடு உடம்பில் மடிக்கிற கோடு இழைக்குக் குறுக்கே விழும், வெடிக்கப் பார்க்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் சுத்தமாக மடியும்.

விலையில் ஒரு கணக்கு. 12க்கு 12 அங்குலத் தாளின் பரப்பு, 8.5க்கு 11 லெட்டர் தாளைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட. ஒரு தாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பெரிய தாள் ஒன்றரை மடங்கைத் தாண்டி விலை இருந்தால் லெட்டர் பாக்கெட்டே லாபம்.

கேள்வி: எல்லாம் வெட்டியே வரும் கிட் வாங்குவதா, கிரிக்கட் (Cricut) மாதிரி தாள் வெட்டும் மெஷின் வாங்குவதா?

பதில்: ஒரு சீசனுக்காக என்றால் இரண்டும் வேண்டாம். மெஷின் வாங்கினால் தாளை ஒட்டி வைக்கும் பாய், பிளேடு, வடிவங்களுக்கான சந்தா என்று செலவு தொடரும். பல ஊர்களில் பொது நூலகத்தின் மேக்கர் ஸ்பேஸில் (கைவினைக் கருவிகளைப் பயன்படுத்தும் அறை) இந்த மெஷின் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். இணையத்தில் வடிவக் கோப்பு வாங்கினால் அது சொந்த உபயோகத்துக்கு மட்டுமா என்று படியுங்கள். வெட்டிய பொருளைப் பள்ளிச் சந்தையில் விற்க வணிக உரிமம் தனியாகக் கேட்பார்கள். பதிவிறக்கம் செய்துவிட்டால் பணம் திரும்ப வருவது கடினம்.

கேள்வி: 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே வந்தன. வாசலில் ஒரு பக்கம் அகல் விளக்கு, ஒரு பக்கம் கிரேப் பேப்பர் (சுருக்கம் விழுந்த மெல்லிய தாள்) தோரணம் என்று வைத்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தீப்பிடிக்காத கிரேப் பேப்பர் என்று விற்பதை வாங்கினால் இனிமேல் பயமில்லையா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். ‘ஃபிளேம் ரிடார்டன்ட்’ என்றால் தீ பரவுவது தாமதமாகும் என்றுதான் பொருள். எரியவே எரியாது என்று அல்ல. தாளில் ஏற்றும் பல மருந்துகள் நீரில் கரைபவை, பனியில் நனைந்தால் பலன் குறையும். கிரேப் பேப்பர் எளிதில் பற்றிக்கொள்ளும், திறந்த தீயிலிருந்தும் சூடாகும் பல்பிலிருந்தும் தள்ளி வையுங்கள் என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமே சொல்கிறது. அன்று மாலை உங்கள் வாசலுக்கு நீளமான அங்கியும் பொய்முடியும் போட்ட குழந்தைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். அகல் விளக்கைப் பூஜை அறையில் ஏற்றுங்கள். வாசலுக்கு பேட்டரி டீ லைட் போதும்.

அதை வாங்கும்போதும் ஒன்று பார்க்க வேண்டும். குட்டி விளக்குகளில் இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். இப்படி ஒரு குழந்தை இறந்த பிறகுதான் 2022இல் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் வந்தது. அதன்படி பேட்டரி மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் போன்ற கருவி வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு விதமாகக் கையை அசைத்தால்தான் திறக்க வேண்டும். கடையில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். மூடி கழன்று வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய விளக்குகளையும் இப்படியே சோதியுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

கேள்வி: கொலுவுக்கு வாங்கிய கிரேப் பேப்பர் மிச்சம் இருக்கிறது. மாட் பாட்ஜ் என்ற பசைப் பூச்சைப் பூசி வெளியே மாட்டலாமா?

பதில்: உள்ளே மாட்டுங்கள். சாதாரண மாட் பாட்ஜ் நீரில் கரைத்த பசைதான், மழை தாங்காது. வெளியே வைப்பதற்கென்று தனி ரகம் விற்கிறார்கள். எதைப் பூசினாலும் முதலில் ஒரு ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், கிரேப் பேப்பரின் சாயம் ஈரம் பட்டால் கரைந்து ஓடும். வாடகை வீட்டின் வெள்ளைச் சுவரில் ஆரஞ்சுக் கறை படிந்தால் டெபாசிட்டில் கை வைப்பார்கள். குழந்தைக்குப் பசை, பெயின்ட் வாங்கும்போது நச்சு இல்லை என்று காட்டும் ஏபி (AP) முத்திரை இருக்கிறதா பாருங்கள். டி-4236 என்ற எண் மட்டும் இருந்தால் ஆபத்துகளை லேபிளில் சொல்லும் விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று பொருள், நச்சு இல்லை என்பதற்கு அது உறுதி ஆகாது.

கேள்வி: துணியும் கைவினைப் பொருளும் விற்ற ஜோஆன் கடை பெயரில் ‘கடைசி ஸ்டாக், 80 சதவீதம் தள்ளுபடி’ என்று விளம்பரம் வந்தது. 42 டாலருக்கு கார்ட்ஸ்டாக் ஆர்டர் செய்தேன். ஐந்து வாரமாகியும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: ஜோஆன் கடைகள் எல்லாம் 2025 மே மாதத்தோடு மூடிவிட்டன. அதன் பெயரை மைக்கேல்ஸ் என்ற இன்னொரு கைவினைக் கடை நிறுவனம் வாங்கிக்கொண்டது. கடை மூடும்போதே அந்தப் பெயரில் போலித் தளங்கள் கிளம்பின. நீங்கள் மாட்டியதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்றே கார்டு நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால் சட்டம் உங்கள் பக்கம். ஆர்டர் பக்கத்தின் படம், வந்த மின்னஞ்சல் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். நுகர்வோர் புகார்களைப் பெறும் அரசு ஆணையமான எஃப்டிசியிலும் ஒரு புகார் பதியுங்கள்.

உண்மையான கடையிலேயே பொருள் தாமதமானாலும் உங்களுக்கு உரிமை உண்டு. தேதி எதுவும் சொல்லாமல் விற்றால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும்; முடியாவிட்டால் உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் தர வேண்டும். ஹாலோவீன் முடிந்து வருகிற வௌவால் தாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நவம்பர் 1 அன்று பாதி விலைக்குப் போடுகிறார்களே, அடுத்த வருஷத்துக்கு வாங்கி வைக்கலாமா?

பதில்: தாள், ரிப்பன், காகிதத் தேன்கூடுப் பூசணிகள் வாங்கலாம். வெளிச்சம் படாமல், தட்டையாகப் படுக்க வைத்து எடுத்து வையுங்கள். விளக்கு வாங்கினால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கசியலாம். க்ளூ ஸ்டிக் வேண்டாம், அடுத்த அக்டோபருக்குள் காய்ந்துபோகலாம்.