கன எலக்ட்ரான் பொருட்கள்: கேள்வி-பதில்

கேள்வி: எலக்ட்ரானின் நிறை ஒரு மாறிலி. சில சேர்மங்களில் அது ஆயிரம் மடங்கு கூடுகிறது என்பது எப்படி?

பதில்: தனி எலக்ட்ரானின் நிறை மாறுவதில்லை. சீரியம், இட்டெர்பியம் போன்றவற்றின் சேர்மங்களில் 4எஃப் எனும் உட்கூட்டு எலக்ட்ரான்கள் அணுவை விட்டகலாமல் சிறு காந்தங்களாக இருக்கின்றன. வெப்பநிலை குறையக் குறைய, கடத்தும் எலக்ட்ரான்கள் அவற்றோடு பிணைந்து அந்தக் காந்தத்தன்மையை மறைத்துவிடுகின்றன. இதுவே கோண்டோ விளைவு. இந்தக் கூட்டு நிலையின் மந்தமான இயக்கத்தையே பெரிய நிறை என்கிறோம். அது தன்வெப்பத்தில் நேரடியாகத் தெரியும். சீரியமும் அலுமினியமும் 1:3 விகிதத்தில் சேர்ந்த சேர்மத்தின் மோலார் தன்வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தபோது, 1975-இல் கிடைத்த மதிப்பு தாமிரத்தினுடையதைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்.

கேள்வி: காந்த அயனிகள் மீக்கடத்தலை (மின்தடையே இல்லாத கடத்தலை) கெடுக்கும் அல்லவா?

பதில்: சாதாரண மீக்கடத்திகளில் கெடுக்கும். ஆனால் 1979-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸ்டெக்லிச் குழுவினர் சீரியம்-தாமிரம்-சிலிக்கான் சேர்மத்தில் சுமார் 0.5 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டனர். சீரியத்துக்குப் பதில் காந்தத்தன்மையற்ற லாந்தனத்தை வைத்தால் மீக்கடத்தல் தோன்றுவதில்லை.

கேள்வி: இப்பொருட்களின் அளவீடுகள் பற்றி ‘எல்லாத் தரவும் ஒரே வளைகோட்டில் விழுகிறது’ என்கிறார்களே, அதில் என்ன சிறப்பு?

பதில்: சீரியம்-தாமிரம் 1:6 சேர்மத்தில், ஆறு தாமிர அணுக்களில் 0.1 அளவுக்குத் தங்கத்தைப் புகுத்தினால், காந்த ஒழுங்கு (சிறு காந்தங்கள் சீராக அணிவகுப்பது) தோன்றும் வெப்பநிலை சரியாகச் சுழி கெல்வினில் வந்து நிற்கும். இதுவே குவாண்டம் மாறுநிலைப் புள்ளி. அங்கே பல ஆற்றல்களிலும் வெப்பநிலைகளிலும் எடுத்த நியூட்ரான் சிதறல் (நியூட்ரான்களைச் செலுத்திக் காந்த அசைவுகளை அறியும் முறை) அளவீடுகளை வெப்பநிலையின் 0.75 அடுக்கால் பெருக்கி, ஆற்றலை வெப்பநிலையால் வகுத்த எண்ணுக்கு எதிராக வரைந்தால், அனைத்தும் ஒரே கோட்டில் படிகின்றன. அதாவது, பொருளுக்கென்று இருந்த ஆற்றல் அளவுகோல் மறைந்து, வெப்பநிலை ஒன்றே அளவுகோலாக எஞ்சுகிறது. காந்த அலைகளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் ஹெர்ட்ஸ்-மில்லிஸ் கோட்பாடு முப்பரிமாணத்தில் இத்தகைய நடத்தையைத் தருவதில்லை. ஆகவே கோண்டோ பிணைப்பே அந்தப் புள்ளியில் முறிகிறது என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். ஏற்ற இறக்கங்கள் இரு பரிமாணத்தில் அடங்கியவை என்பது மறுசாரார் விளக்கம். என் பார்வையில், இவ்விரண்டைப் பிரித்தறிய வெறும் வளைகோடு போதாது. மடக்கை அளவில் குறுகிய வீச்சுக்குள் வரைந்தால் எந்தத் தரவும் ஓரளவு படிந்துவிடும் என்பதால், வீச்சு எத்தனை பத்து மடங்கு என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: கலப்பு செய்யாமல் இப்புள்ளியை அடைய முடியுமா?

பதில்: முடியும்; அழுத்தமோ காந்தப்புலமோ போதும். இட்டெர்பியம்-ரோடியம்-சிலிக்கான் சேர்மத்தில் சுமார் 0.07 கெல்வினில் தோன்றும் காந்த ஒழுங்கை, படிகத் தளத்தின் வழியே செலுத்தும் 0.06 டெஸ்லா புலமே அழித்துவிடும்; தளத்துக்குச் செங்குத்தாகச் செலுத்தினால் ஏறத்தாழ பதினொரு மடங்கு புலம் வேண்டும்.