புறநானூறு படித்த பிறகு போர் நாவல் எதற்கு?

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்பு படிக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. புறநானூற்றின் 279-ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய போரில் கணவனை இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனின் பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் நீவி, வேல் கொடுத்து அனுப்புகிறாள். வகுப்பில் ‘நீவி’ என்ற சொல்லில் நான் நிறுத்துவேன். விடியற்காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துவிட, கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளின் கை தானாகத் தலைக்குப் போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பாடல் ‘விடுமே’, அதாவது ‘அனுப்புகிறாள்’ என்று முடிந்துவிடுகிறது. மகன் திரும்பினானா? பாடலைப் பாடிய புலவர் ஒக்கூர் மாசாத்தியார் சொல்லவில்லை. அனுப்பப்பட்டவன் என்ன ஆனான் என்பதை நாவல்தான் பக்கம் பக்கமாகச் சொல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவில் நடக்கும் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை அடுத்து எடுங்கள். பாடலை மட்டும் முதலில் வாய்விட்டுப் படித்துவிடுங்கள், உரை பிறகு.