தகவல் முறைமைத் துறையில் துணிச்சலான ஆய்வுகள் ஏன் குறைவு?

மனிதர்களும் நிறுவனங்களும் கணினித் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது தகவல் முறைமைத் துறை. அதில் துணிச்சலான ஆய்வு என்பது, இருக்கும் விடையைச் சற்றே திருத்துவதல்ல; யாரும் கேட்காத கேள்வியை எழுப்புவது.

1989-இல் இத்துறை ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் அப்படியொன்றைச் செய்தார். ஒரு மென்பொருள் பயனுள்ளது, கையாள எளிது என்று தோன்றினால் மக்கள் அதை ஏற்பார்கள் என்பது அவர் முன்வைத்த விளக்க மாதிரியின் சாரம். பிறகு மின்னஞ்சல், இணைய வங்கி, கைப்பேசிச் செயலி என்று பொருளை மட்டும் மாற்றி, ஏறக்குறைய அதே கேள்வித்தாளோடு கட்டுரைகள் குவிந்தன. முடிவு என்ன வரும் என்பது பெரும்பாலும் தொடங்கும்போதே தெரியும்!

காரணம் சோம்பல் அல்ல. பழகிய மாதிரியில், இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளர் குறை காண்பது கடினம், புதியதில் எளிது. வேலை நிலைக்கக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படும் இளம் ஆய்வாளர், மதிப்பெண் உறுதியான வினாக்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாணவரைப் போல நடந்துகொள்கிறார். இதழ்கள் ‘இதில் என்ன பிழை?’ என்பதோடு ‘இது சரியென்றால் எது மாறும்?’ என்றும் கேட்டால் நிலைமை மாறும்.

துணிச்சல் என்றால் சான்றில் தளர்வு என்று பலர் எண்ணுகிறார்கள்; டேவிஸோ தம் அளவுகோல்களை 152 பயனர்களிடம் சோதித்த பிறகே வெளியிட்டார்.