ஸ்லைடு போடும் முன் ஃபோர்மேனைப் போய்ப் பாருங்கள்

தம்பி, பகுதிநேரப் பட்டப்படிப்பு ஒரு பக்கம், சிங்கப்பூர் துவாஸ் வட்டாரக் கிடங்கில் துணை மேலாளர் வேலை ஒரு பக்கம், இதற்கு நடுவில் காகிதத்தை ஒழித்து ஸ்கேனருக்கு மாற்றும் பொறுப்பையும் முதலாளி உங்கள் தலையில் கட்டிவிட்டார், யாரையும் அதட்ட அதிகாரம் மட்டும் தரவில்லை. வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதை முடித்துக்காட்டினால் அடுத்த நேர்காணலில் பேச நல்ல சரக்கு கிடைக்கும்.

நிறுவனத்தில் மாற்றம் கொண்டுவர மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் சொன்ன எட்டுப் படிகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் படியான அவசர உணர்வை ஊட்டுவதிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள், ஸ்லைடு ஸ்லைடாக! என்னைக் கேட்டால் உங்களுக்கு இரண்டாவது படிதான் முக்கியம், செல்வாக்குள்ளவர்களைக் கூட்டுச் சேர்ப்பது. உங்கள் கிடங்கில் அது அந்தப் பழைய ஃபோர்மேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும்தான் அவர் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார் என்றால் காரியம் கெட்டது. முன்னாடியே டீ நேரத்தில் தனியாகப் போய், சரக்கு எங்கே அடிக்கடி மாறிப்போகிறது, எந்த ரேக்கில் லேபிள் தகராறு என்று கேளுங்கள், அவர் சொன்னதில் ஒன்றையாவது திட்டத்தில் சேர்த்து, அது அண்ணன் சொன்ன யோசனை என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். நேற்று வந்த பையன் முன்னால் தடுமாற வேண்டுமே என்பதுதான் அவருக்குப் பயமாக இருக்கும். அதனால் பயிற்சியை வேலை நேரத்திலேயே கொடுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024இல் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை, அதாவது பயிற்சிக்கு அரசாங்கம் தரும் பணத்தைக் காட்டித் தட்டிக்கழிக்காதீர்கள், அது அவருடைய எதிர்காலத்துக்கானது.

நிதிப் பிரிவுக்கு வேறு பேச்சு. உங்கள் நிறுவனம் தகுதியுள்ள சிறு நடுத்தர நிறுவனம் என்றால், முன்பே அங்கீகரித்த மென்பொருள், கருவிகளுக்கு பிஎஸ்ஜி (Productivity Solutions Grant) என்ற அரசாங்க மானியம் செலவில் 50% வரை தருகிறது. விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ பணம் கட்டினாலோ போச்சு. இதை நீங்களே போய்ச் சொன்னால், செலவு வைக்க வந்தவர் என்று உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நெரிசலில் தயவுசெய்து தொடங்காதீர்கள். அது முடிந்ததும் ஒரே ஷிஃப்டில், ஒரே பகுதியில் முயன்று பாருங்கள், பழைய காகிதமும் கூடவே ஓடட்டும். முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த மாதம் மட்டும் ஃபோர்மேனின் இலக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அவருக்கே இதில் பெரிய அக்கறை இல்லை என்று வைத்துக்கொண்டு, திட்டத்தை இன்னும் சின்னதாக்கிவிடுங்கள்.