கையில் துப்பாக்கி இருந்தால் குறுக்கே பாயலாமா?

அமெரிக்காவில் பொது இடத்தில் ஒருவன் கண்டபடி சுட ஆரம்பித்தால், துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண ஆள் என்ன செய்வது? பலர் கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 2022-ல் இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் மாலில் கண்டபடி சுட்டவனை ஒரு பையன் சுட்டு வீழ்த்தினாரே, அது போதாதா?

பதில்: 22 வயதுதான். சுமார் 40 கெஜத் தூரத்திலிருந்து 10 தடவை சுட்டார், 8 பட்டன. எல்லாம் 15 விநாடிக்குள். அதற்குள் 3 பேர் இறந்துவிட்டார்கள். அவர் இல்லையென்றால் இன்னும் எத்தனையோ. ஆனால் அந்தத் தூரத்தில் கைத்துப்பாக்கியால் குறி அட்டையைத் தொடவே என் மாணவர்களில் பாதிப் பேர் திணறுவார்கள். அட்டை திருப்பிச் சுடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படி அடிக்கடி நடக்கிறதா சார்?

பதில்: அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2000 முதல் 2013 வரை நடந்த இப்படிப்பட்ட 160 சம்பவங்களை ஆராய்ந்தது. வெறுங்கையோடு மக்கள் மடக்கியவை 21. போலீஸ் அல்லாதவர்கள் சுட்டு முடித்தவை 5. அதிலும் பெரும்பாலோர் காவலாளிகள்.

கேள்வி: போலீசுக்கு நான் நல்லவன் என்று தெரியாதா?

பதில்: எப்படித் தெரியும்? 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில் ஒருவன் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான். பக்கத்துக் கடையில் இருந்த ஒருவர் ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதோடு விட்டிருக்கலாம். அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். அடுத்து வந்த போலீஸ்காரர் கண்ணில் பட்டது ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள், சுட்டுவிட்டார். காப்பாற்றியவர் இறந்தார். போலீஸ்காரர்மேல் குற்ற வழக்கும் இல்லை.

2011-ல் டூசானில், எம்.பி. கேபி கிஃபர்ட்ஸ் சுடப்பட்ட இடத்துக்குத் துப்பாக்கியோடு ஓடிய ஒருவர், கையில் துப்பாக்கியோடு நின்றவரைச் சுடும் அளவுக்குப் போய்விட்டார். அவரோ கொலையாளியிடமிருந்து அதைப் பிடுங்கியவர்!

கேள்வி: அப்போ நீங்க எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?

பதில்: நியாயமான கேள்வி. வெளியேறும் வழியைச் சுடுபவன் மறித்து நின்றால், அதற்கு. தேடிப் போக அல்ல.

கேள்வி: குழந்தைகள் கூட இருந்தால்?

பதில்: அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடு, ஒளிந்துகொள், முடியாவிட்டால் மோது. ஹூஸ்டன் நகர நிர்வாகம் 2012-ல் வெளியிட்ட வீடியோவும் இந்த வரிசையில்தான் சொல்கிறது.

கேள்வி: சரி, சுட்டுவிட்டேன். அப்புறம்?

பதில்: அவனுடைய துப்பாக்கியைத் தொடாதீர்கள். உங்களுடையதை உறையில் போடுங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, சுட்டது நீங்கள்தான் என்பதையும் உங்கள் சட்டை நிறத்தையும் சொல்லுங்கள். போலீஸ் வரும்போது இரண்டு கையும் காலியாக, மேலே இருக்கட்டும்.