சந்தகை நாழியில் ஒரு ஜெர்மன் சாப்பாடு

கேள்வி: மகன் ஸ்டுட்கார்ட்டில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வரும்போது அந்த ஊர்ச் சாப்பாட்டைச் செய்து கொடுக்க ஆசை. எங்கள் வீட்டில் முட்டை வரைக்கும்தான், ஓவனும் கிடையாது. போன முறை முட்டைக்கோசை வினிகரில் ஊறவைத்து 'சவர்கிராட்' என்று பரிமாறினேன், சிரித்துவிட்டான்.
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓவன் எதற்கு அம்மணி? பரணில் கிடக்கும் சந்தகை நாழியை, அதாவது இடியாப்பம் போலப் பிழியும் அச்சை, இறக்குங்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆட்களுக்கு உயிரான உணவு 'ஷ்பேட்ஸ்லே', முட்டை சேர்த்த மாவில் செய்யும் ஒரு வகை நூடுல்ஸ். பெயருக்குச் சின்னக் குருவி என்று பொருள். நம் ஈரோட்டு மஞ்சளைப் போல அதற்கும் புவிசார் குறியீடு உண்டு, 2012 முதல்.

கால் கிலோ மைதா, மூன்று முட்டை, அரை ஸ்பூன் உப்பு, அரை டம்ளருக்குக் குறைவாகத் தண்ணீர். கொப்புளம் கிளம்பும்வரை மரக்கரண்டியால் அடித்து, இருபது நிமிடம் மூடி வையுங்கள். ஒரு பிடி ரவை சேர்த்தால் கடிக்க நன்றாக இருக்கும். மகள் பிரசவத்துக்கு அங்கே போயிருந்தபோது, எனக்குத் தெரியாததா என்று மாவைப் பிழிந்து இட்லிப் பானையில் அவித்துவிட்டேன். ரப்பர்! சந்தகையை வேகவைத்துப் பிழிகிறோம். இதைப் பிழிந்த பிறகுதான் வேகவைக்க வேண்டும். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீருக்கு நேர்மேலே பிழியுங்கள். மேலே மிதந்ததும் அரித்து எடுத்துவிடலாம். சந்தகைக் கண் ரொம்பச் சிறிது, காராச்சேவு அச்சு சரியாக வரும். நாழியை உடனே பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் மாவு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ள, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பைக் கேரட், வெங்காயம், பிரிஞ்சி இலையோடு குழையாமல் வேகவைத்து, இறக்கும்போது ஒரு ஸ்பூன் வினிகர். அங்கே இதோடு சாசேஜும் வைப்பார்கள், உங்களுக்கு அது வேண்டாம். கடுகு தாளிக்கக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சவர்கிராட்டுக்கு வினிகரே கிடையாது. உப்பில் தானாகப் புளிப்பதுதான் அது. ஒரு கிலோ கோசை மெல்லியதாக அரிந்து, 20 கிராம் கல்லுப்புப் போட்டுத் தண்ணீர் விடும்வரை பிசைந்து ஜாடியில் அழுத்துங்கள். விட்ட தண்ணீருக்குள்ளேயே அது மூழ்கியிருக்க வேண்டும். மேலே கழுவிய கல் ஒன்றை வையுங்கள். ஜெர்மனிக் குளிரில் வாரக்கணக்கில் ஆகும். நம் வெயிலுக்கு ஒரு வாரத்திலேயே எடுத்து ருசி பாருங்கள். ஜாடியைத் தாம்பாளத்தில் வைக்க மறக்காதீர்கள். மூன்றாம் நாள் நுரைத்து வழிந்து, என் அடுப்பு மேடை முழுக்க நாறிவிட்டது.