ஊஞ்சலில் மட்டுமே உறங்கும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு இன்னும் சில நாட்களில் மூன்று மாதம் நிறைகிறது. அவன் பிறந்தபோது வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார், பேட்டரியில் தானாக ஆடும் ஊஞ்சல் ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் உறங்கிவிடுகிறான். இறக்கிப் படுக்கையில் கிடத்தினால் உடனே விழித்துக்கொண்டு அழுகிறான். அதனால் கடந்த ஒரு மாதமாக இரவு முழுவதும் ஊஞ்சலிலேயே விட்டுவிடுகிறோம். சில நேரம் தலை தொங்கி, மோவாய் நெஞ்சில் படுகிறது. இதனால் தீங்கு ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மோவாய் நெஞ்சில் படுகிறது என்று, அதுதான் இதில் கவலைப்பட வேண்டிய விஷயம். ஊஞ்சல் ஆடுவதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அதன் இருக்கை சாய்ந்திருப்பதுதான் கெடுதல். இந்த வயதுக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது, பின்மண்டையும் புடைத்திருக்கும், கழுத்தோ இன்னும் நிற்கவில்லை. சாய்ந்த இருக்கையில் உறக்கத்தில் தசைகள் தளரும்போது தலை தன் எடையாலேயே முன்னால் கவிழ்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது, மென்மையானது; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் மடங்கினால் நீர் குறைவதைப் போல, கழுத்து மடங்கும்போது அதில் காற்று குறைகிறது. பெரியவர்களாக இருந்தால் குறட்டை விடுவோம், திணறி எழுந்துகொள்வோம். மூன்று மாதக் குழந்தைக்குத் தலையைத் தானே தூக்கிச் சரிசெய்துகொள்ளும் வலு கிடையாது, சத்தமும் வராது. பார்ப்பவர்கள், பிள்ளை அயர்ந்து உறங்குகிறான் என்றே எண்ணுவார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓராண்டு நிறையும்வரை ஒவ்வோர் உறக்கத்திலும் குழந்தையைச் சமதளமான, அழுத்தினால் குழியாத படுக்கையில், மல்லாக்கக் கிடத்த வேண்டும் என்கிறது. ஊஞ்சல், கார் இருக்கை, தள்ளுவண்டி போன்றவற்றை வழக்கமான உறக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அதிலும் நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடவே கூடாது என்றும் சொல்கிறது. படுக்கையின் சாய்வுக்கு அங்கே வைத்திருக்கும் எல்லை 10 டிகிரி. ஊஞ்சல் இருக்கைகளின் சாய்வு அதைவிட மிக அதிகம். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ஊஞ்சல் வகை ஒன்று, ஒன்று முதல் மூன்று மாதம் வரையிலான ஐந்து குழந்தைகள் அதில் உறங்கும்போது இறந்ததை அடுத்து, 2024 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. விற்பனையாகியிருந்தவை 20 லட்சத்துக்கும் மேல். அந்த மரணங்களில் பெரும்பாலானவற்றில் குழந்தையை இருக்கையோடு பிணைக்கும் பட்டை மாட்டப்படவில்லை, இருக்கையில் கூடுதலாகத் துணியும் விரிக்கப்பட்டிருந்தது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மெத்தென்று இருக்கட்டும் என்று சிறு போர்வையை மடித்துப் போடுவதும், அழுத்துமே என்று பட்டையைக் கழற்றிவிடுவதும் நம் வீடுகளிலும் அன்றாடம் நடப்பவை என்பதால்தான் சொல்கிறேன். அதற்காகப் பட்டையை மாட்டிவிட்டால் இரவு முழுக்க விட்டுவிடலாம் என்றும் கருத வேண்டாம்.

ஊஞ்சலைத் தூக்கி எறியத் தேவையில்லை. அழுகையை அமர்த்தவும், நீங்கள் கண்ணெதிரில் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் ஆட்டவும் அது இருக்கட்டும். ஆனால் இரவு உறக்கத்தை இன்றே படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். அதில் மட்டும் படிப்படியாகப் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. பிள்ளை ஊஞ்சலில் கண் அயர்ந்தால், தாமதிக்காமல் எடுத்துக் கிடத்துங்கள். கிடத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பெரும்பாலோர் தலையை முதலில் வைக்கிறார்கள். பின்பக்கமாக விழுவது போன்ற உணர்வில் குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிட்டு எழுகிறது. மாறாக, உங்கள் உடலோடு அணைத்தபடியே குனிந்து, முதலில் பாதமும் பின் இடுப்பும் முதுகும் படுக்கையில் படும்படி இறக்கி, தலையைக் கடைசியாக வைத்து, உள்ளங்கையை மார்பின் மேல் ஓரிரு நிமிடம் மெல்ல வைத்திருங்கள்.

பகலில், ஆட்டத்தின் வேகத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு படி குறைத்து, கடைசியில் ஆடாத ஊஞ்சலுக்கும், அங்கிருந்து அரைத்தூக்கத்திலேயே படுக்கைக்கும் பழக்கலாம். சில நாட்கள் அழுவான். அந்த இரவுகளில் நீங்களும் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். களைப்பில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவிலோ நாற்காலியிலோ நீங்களே உறங்கிப்போவது ஊஞ்சலைக் காட்டிலும் ஆபத்தானது.

படுக்கை என்றதும் விலை உயர்ந்த கட்டில் தொட்டில் வாங்க வேண்டுமோ என்று யோசிக்க வேண்டாம். உங்கள் அறையிலேயே, உங்களுக்கு அருகில், ஆனால் தனியாக, தரையில் பாய் விரித்து அதன் மேல் பருத்தி விரிப்பை இழுத்துச் செருகினாலே போதும். பரிசாக வந்து குவியும், குடை போன்ற கொசுவலை வைத்த குட்டி மெத்தைகள் பெரும்பாலும் கை வைத்தால் அமுங்குபவை. அவற்றோடு வரும் தலையணையும் இருபக்க உருளைத் திண்டுகளும் குழந்தையின் அருகில் இருக்கவே கூடாது.

கேள்வி: ஊஞ்சல் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதும், “அப்படியானால் புடவையில் தூளி கட்டு; நாங்களெல்லாம் அதில்தானே வளர்ந்தோம்” என்கிறார் என் மாமியார். சரியா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தூளியை மறுத்து எழுதுவது எனக்கும் எளிதாக இல்லை, நானும் அதில் கிடந்தவன்தான். ஆனால் மேலே சொன்ன சிக்கல் தூளியில் இன்னும் கூடுகிறது. துணி குழிந்து குழந்தையின் முதுகை வில்லாக வளைக்கிறது, மோவாய் மார்பை நோக்கி மடங்குகிறது, இரண்டு ஓரமும் முகத்தின் மேல் சேர்ந்து காற்றை மறைக்கின்றன. குறுக்கே கட்டையைச் செருகினால் தூளியின் வாய் அகலும், வளைவு அப்படியேதான் இருக்கும்.

அந்தக் காலத்துத் தூளிக்கு இருந்த ஒரு காவலையும் உங்கள் மாமியாரிடம் நினைவுபடுத்தலாம். அடுப்படிக்கு எதிரில் உத்தரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தபடி பாட்டியோ அத்தையோ எப்போதும் உட்கார்ந்திருப்பார். ஆட்டுவதற்கு நடுவே எட்டிப் பார்த்துத் துணியை விலக்கிவிடுவார். இன்று ஸ்பிரிங்கில் மாட்டி, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறோம். கொக்கி கழன்று விழுந்து தலையில் அடிபடுவதும் நடக்கிறது. சாரோங் துணியில் இதே போல் தொட்டில் கட்டும் மலேசியாவிலும் இந்தக் காயங்களை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், கைக்குழந்தை இல்லாத வேளையில் தூளியைச் சுருட்டி எட்டாத உயரத்தில் முடிந்துவையுங்கள். அதில் சுற்றிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த சிறுவர்களைப் பற்றிய செய்திகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பகலில், ஒருவர் அருகிலேயே உட்கார்ந்து ஆட்டி, உறங்கியதும் எடுத்துவிடுவதானால் மாமியாரிடம் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கேள்வி: என் இரண்டு மாத மகள் பால் கக்குகிறாள். மல்லாக்கப் படுக்கவைத்தால் புரையேறாதா? தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைவதால், கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம், குப்புறக் கிடக்கும்போதுதான் அது எளிது. பால் கொடுத்தபின் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரவிட்டு, பிறகு கிடத்துங்கள். தலைப்பக்கத்தை உயர்த்துவதால் கக்குவது நிற்காது. பிள்ளை சறுக்கி மடங்குவதுதான் மிச்சம். கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் ஒரு வயதுவரை வேண்டாம். மண்டை ஒரு பக்கம் தட்டையாகாமலிருக்க, விழித்திருக்கும் நேரத்தில், உங்கள் கண் பார்வையில், தினமும் சில முறை குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தும் விரைவில் நிற்கும். அவள் தானாகக் குப்புற விழ முயலும் அறிகுறி தெரிந்த அன்றே துணியில் சுற்றித் தூங்கவைப்பதை நிறுத்திவிடுங்கள். இரு பக்கமும் தாராளமாகப் புரளப் பழகிய பிறகு, மல்லாக்கக் கிடத்திய குழந்தை தூக்கத்தில் தானே குப்புறத் திரும்பிக்கொண்டால், இரவெல்லாம் விழித்திருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.